காடேக் ஒய்.பி.யின் பெயர் தெரியும். நம் தொகுதி ஒய்.பி.யின் பெயர்?

தங்கா பத்து: எங்கள் பாட்டி இறந்த அன்று நல்ல மழை. மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பதாக முடிவு. மாலையில் போய்ப் பார்த்தால், மயானத்துக்குப் போகும் மண் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். வேன் போகாது. யாரிடம் சொல்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பா உடனே கைப்பேசியை எடுத்து, அலோர்காஜாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் காடேக் சட்டமன்ற உறுப்பினரின் எண்ணைக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற அத்தை மகன்தான் மெதுவாகக் கேட்டான்: "மாமா, நாம தங்கா பத்துல இருக்கோம். நம்ம ஒய்.பி. யாரு?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. செய்தியாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரியும் எனக்கும் அந்த நொடியில் பெயர் வாயில் வரவில்லை. கடைசியில் லாரி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் இரவோடு இரவாகக் கல்லும் மணலும் கொண்டுவந்து கொட்டினார். பாட்டி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மலாக்காவில் எந்தத் தாமானுக்குப் போய்க் கேட்டாலும், நம்மவர்களில் பலருக்குத் தெரிந்த ஒரே சட்டமன்றத் தொகுதி காடேக். ஏன் அப்படி ஆனது? அடுத்த மாநிலத் தேர்தலுக்கு முன்பு இதைக் கொஞ்சம் பேசிவிடலாம்.

முதலில் தங்கா பத்துவின் கணக்கு. இது நாடாளுமன்றத் தொகுதி. இதற்குள் சுங்கை ஊடாங், பந்தாய் குண்டோர், பாயா ரும்புட், கிளேபாங் என நான்கு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. 2021 நவம்பர் 20-இல் நடந்த மாநிலத் தேர்தலில் சுங்கை ஊடாங்கை பெரிக்காத்தான் நேஷனல் சார்பில் பெர்சத்துவின் முகமட் அலீஃப் யூசோப் வென்றார். பந்தாய் குண்டோரில் துமினா காடி, பாயா ரும்புட்டில் ராயிஸ் யாசின், இருவரும் அம்னோ. கிளேபாங்கில் ம.சீ.ச.வின் லிம் பான் ஹோங். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத் தொகுதி பாஸ் கட்சியின் பக்ரி ஜமாலுடினுக்குப் போனது. 2018-இல் அதை வென்றிருந்தவர் பிகேஆரின் ருஸ்னா அலுவாய்.

ஒரே வட்டாரம், ஐந்து மக்கள் பிரதிநிதிகள், நான்கு கட்சிகள். இவர்களில் தமிழர் யாரும் இல்லை. அதைக் குறையாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து கதவுகள் இருந்தும் ஒன்றையும் தட்டாமல், வேறொரு தொகுதியின் கதவைத் தேடி அரை மணி நேரம் கார் ஓட்டுகிறோமே, எனக்கு உறுத்துவது அதுதான்.

சட்டமன்ற உறுப்பினர் என்றால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மாலை போட்டுக்கொள்பவர், தீபாவளிக்கு அரிசிப் பை கொடுப்பவர் என்றுதான் நம்மில் பலர் பழகிவிட்டோம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் படம் வேறு. நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தின் அதிகாரம். சந்தைகளும் அப்படியே. "அடக்கம் செய்யும் இடங்களும் தகனம் செய்யும் இடங்களும்" கூட மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. பாட்டியின் கடைசிப் பயணத்துக்கான பாதை கோலாலம்பூர் விவகாரம் அல்ல, மலாக்கா விவகாரம்.

இன்னும் பாருங்கள். தமிழ்ப்பள்ளி கல்வியமைச்சின் கீழ் வருகிறது, ஆனால் பள்ளி நிற்கும் நிலம் மாநிலத்தின் கையில். கோயில் நிலத்துக்குப் பட்டா கேட்டால் மனு போக வேண்டியது மாநில நில அலுவலகத்துக்கு. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறினால், நிலத்தின் பயன்பாட்டை மாற்ற ஒப்புதல் தருவதும் மாநிலம்தான். பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளியைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கும், தஞ்சோங் கிளிங் பக்கம் கடலோரக் கம்பங்களை ஒட்டி இருப்பவர்களுக்கும் அன்றாடம் தேவைப்படுகிறவை பெரும்பாலும் இந்த வகைதான்.

சரி, நகராண்மைக் கழக உறுப்பினரைப் பார்க்கலாமே என்பீர்கள். அவரை நீங்களோ நானோ தேர்ந்தெடுப்பதில்லை. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-இன் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. மாநில அரசு யாரை நியமிக்கிறதோ அவர்தான் உறுப்பினர். ஆக, வாக்குச் சீட்டின் மூலம் நாம் பதில் கேட்கக்கூடிய மிகக் கீழ்நிலைப் பிரதிநிதி, நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பிரதிநிதி, சட்டமன்ற உறுப்பினர்தான். அவருக்குக் கீழே தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை.

நியமனம் என்றதும் மலாக்காவின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1511-இல் போர்த்துகீசியர் இந்நகரைப் பிடித்ததும், அல்புகர்க் இங்கிருந்த இந்து வணிகர் நீனா சத்துவைப் பெண்டஹாராவாக நியமித்தார். மூன்றாண்டுகூட நீடிக்கவில்லை. 1514-இல் பதவி பறிபோனது. அவமானம் பொறுக்காமல் அவர் தீயில் இறங்கினார். நியமித்தவர் நினைத்தால் நீக்கலாம் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த "கிளிங்" என்ற சொல்லை இன்னமும் பெயரில் வைத்திருக்கும் தஞ்சோங் கிளிங்கைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நீனா சத்துவின் ஞாபகம் வரும். தமிழ்த்துறையில் படித்த பழக்கம், மன்னியுங்கள்.

இனி காடேக். 2013-இல் ம.இ.கா.வின் எம்.எஸ். மகாதேவன், 2018-இல் ஜசெகவின் ஜி. சாமிநாதன், 2021-இல் மீண்டும் ம.இ.கா., வி.பி. சண்முகம். கட்சி மாறியது, வென்றவர் நம்மவராகவே இருந்தார். மலாக்கா சட்டமன்றத்தில் மொத்தம் 28 இடங்கள். மாநில மக்களில் இந்தியர் ஏறத்தாழ 6 விழுக்காடு. கூட்டிக் கழித்தால் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் ஒரு கணக்கு வருகிறது. கையில் இருப்பது ஒன்று. இன்னொன்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இன்னொன்று எங்கே கிடைக்கும்? தோட்டங்களில் ஒன்றாக இருந்த காலத்தில் நம் வாக்குகளும் கொத்தாக இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாக்குகளும் தாமான் தாமானாகச் சிதறிவிட்டன. இந்தியர் பெரும்பான்மையாக இருக்கும் சட்டமன்றத் தொகுதி மலாக்காவில் ஒன்றும் இல்லை, காடேக்கும் அப்படிப்பட்டதல்ல. அங்கே நம்மவர் வெல்வது, கூட்டணிகள் அந்த இடத்தை இந்திய வேட்பாளருக்கு ஒதுக்கி, மலாய் வாக்காளர்களும் சீன வாக்காளர்களும் சேர்ந்து வாக்களிப்பதால்.

ஒருவரை மட்டும் நம்பி ஒரு மாநிலத்துச் சமூகமே இருப்பதன் ஆபத்தை 2019 காட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 10-இல், மாநில ஆட்சிக்குழு உறுப்பினராக இருந்த சாமிநாதன், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு சொஸ்மா சட்டத்தின்கீழ் கைதானார். நெகிரி செம்பிலானில் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் அவ்வாறே. 2020 பிப்ரவரி 21-இல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அனைவர்மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். நான்கு மாதத்துக்கும் மேலாக, மலாக்கா இந்தியர்களின் ஒரே சட்டமன்றக் குரல் தடுப்புக் காவலில் இருந்தது. அவர் வெளியே வந்த சில நாள்களில் மாநில ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. அந்த மாதங்களில் தங்கா பத்துவிலோ ஜாசினிலோ இருந்த ஓர் இந்தியக் குடும்பம் யாரிடம் போயிருக்க வேண்டும்? தன் தொகுதி உறுப்பினரிடம்தான். போனோமா?

ஆட்சி கவிழ்ந்த கதையில் தங்கா பத்துவுக்குத் தனிப் பங்கு உண்டு. 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி 15 இடங்களையும் தேசிய முன்னணி 13 இடங்களையும் வென்றன. அட்லி சஹாரி முதலமைச்சரானார். 2020 மார்ச்சில் பெர்சத்துவின் இரு உறுப்பினர்கள், ஜசெகவிலிருந்தும் பிகேஆரிலிருந்தும் ஒவ்வொருவர் மறுபக்கம் போனதால் அந்த ஆட்சி போயிற்று. அந்த நால்வரில் ஒருவர் பாயா ரும்புட் உறுப்பினர். அடுத்து வந்த சுலைமான் முகமட் அலியின் ஆட்சியை 2021 அக்டோபர் 4-இல் நால்வர் ஆதரவை விலக்கிக் கவிழ்த்தார்கள். அவர்களில் இருவர் தங்கா பத்துவைச் சேர்ந்தவர்கள்: சுங்கை ஊடாங்கின் இட்ரிஸ் ஹரோன், பந்தாய் குண்டோரின் நோர் அஸ்மான் ஹசான். இட்ரிஸ் சாதாரண ஆளும் அல்லர், 2013 முதல் 2018 வரை முதலமைச்சராக இருந்தவர். 2021 தேர்தலில் இருவரும் நம்பிக்கைக் கூட்டணி வேட்பாளர்களாக நின்றார்கள். ஒருவர் அசஹானில், மற்றவர் பந்தாய் குண்டோரிலேயே. இருவரையும் மக்கள் தோற்கடித்தார்கள்.

மூன்றரை ஆண்டுக்குள் இரண்டு ஆட்சிகள் கவிழ, நம் வட்டாரத்து நான்கு உறுப்பினர்களில் மூவருக்குப் பங்கிருந்தது. அவர்களிடம் போய் "எங்களைக் கேட்டீர்களா?" என்று நம்மவர்களில் யாராவது கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

2021 முடிவு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. தேசிய முன்னணி பெற்ற வாக்கு சுமார் 38 விழுக்காடு. பெற்ற இடங்கள் 21. நம்பிக்கைக் கூட்டணி கிட்டத்தட்ட 36 விழுக்காடு வாங்கி ஐந்து இடத்தோடு நின்றது. பெரிக்காத்தானுக்கு ஏறக்குறைய கால்பங்கு வாக்கும் இரண்டு இடமும். மும்முனைப் போட்டி என்றால் இப்படித்தான். பாதி வாக்கு தேவையில்லை, அடுத்தவரைவிட ஒரு வாக்கு அதிகம் இருந்தால் போதும். பல தொகுதிகளில் வெற்றி தோல்வி சில நூறு வாக்குகளில் முடிந்தது. இங்கேதான் 6 விழுக்காட்டின் எடை மாறுகிறது. ஒரு தொகுதியில் ஆயிரம் இந்திய வாக்காளர்கள் இருந்தால், நேருக்கு நேர் போட்டியில் அவர்கள் ஒரு மூலை. மும்முனைப் போட்டியில் அவர்கள்தான் தராசு முள்.

ஆனால் முள் அசைய வேண்டுமே. அந்தத் தேர்தலில் வாக்களிப்பு 66 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2018 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் 82 விழுக்காட்டுக்கும் மேல். கோவிட் அச்சம் ஒரு காரணம். பிரசாரக் கூட்டங்களுக்கே தடை இருந்தது. வெளியூரில் வேலை செய்பவர்கள் ஊர் திரும்பாதது இன்னொரு காரணம். ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பொதுத்தேர்தலுக்கு வருவார்கள். மாநிலத் தேர்தலுக்கு மட்டும் ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து வர அவர்களுக்கு மனம் வருவதில்லை. மாநிலத் தேர்தலும் பொதுத்தேர்தலும் தனித்தனியே நடந்தால் நமக்குத்தான் நட்டம் என்பது என் கணிப்பு.

அடுத்து, இளையோர் விவகாரம். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கி, வாக்காளர் பதிவைத் தானியங்கியாக்கிய திருத்தம் நாடாளுமன்றத்தில் 2019 ஜூலையில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2021 டிசம்பர் 15. மலாக்கா வாக்களித்தது நவம்பர் 20. இருபத்தைந்து நாள் வித்தியாசத்தில் நம் மாநில இளையோர் ஒரு சட்டமன்றத் தேர்தலை இழந்தார்கள். அடுத்த மார்ச்சில் ஜொகூர் இளையோருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது.

என் தம்பிக்கு அப்போது 19 வயது. நான் வாக்களித்துவிட்டு மை விரலோடு வந்தபோது அவன் சோபாவில் படுத்துக்கொண்டு, "அக்டோபர்ல கவுத்தவங்க டிசம்பர்ல கவுத்திருக்கக் கூடாதா?" என்றான். 2022-இல் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தான். மாநிலச் சட்டமன்றத்துக்கு இன்றுவரை அவன் வாக்களித்ததில்லை. தங்கா பத்துவில் அவன் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இதே நிலைமை. அவர்களோடு, சொந்தமாகப் போய்ப் பதிந்துகொள்ளாமலே நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் மலாக்காவின் வாக்காளர் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்குள். 2022-இல் அது ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவர்கள் அனைவரும் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கப்போவது அடுத்த மாநிலத் தேர்தலில்தான். 2021 டிசம்பர் இறுதியில் முதன்முதலாகக் கூடிய இந்த அவை, முன்கூட்டியே கலைக்கப்படாவிட்டாலும் 2026 டிசம்பர் இறுதியில் தானாகக் கலையும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தானியங்கிப் பதிவு மைக்கார்டில் உள்ள முகவரியைத்தான் எடுத்துக்கொள்கிறது. தோட்டத்து லயத்து முகவரி மைக்கார்டில் இருந்து, லயமே இடிக்கப்பட்டுவிட்டாலும், வாக்கு அந்த ஊரில்தான் இருக்கும். பாயா ரும்புட்டில் வீடு வாங்கிப் பத்து வருடமாகக் குடியிருப்பவரின் வாக்கு ஜாசினில் இருப்பதும் இப்படித்தான். வடிகால் அடைப்புக்குப் புகார் ஒரு தொகுதியில், வாக்கு இன்னொரு தொகுதியில்! தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றினால்தான் இது சரியாகும். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் எந்தத் தொகுதி என்று உடனே தெரியும். சட்டமன்றம் கலைந்த பிறகு மாற்றிப் பயனில்லை. முன்பே செய்ய வேண்டிய வேலை.

இன்னொரு கதவும் திறக்கவிருக்கிறது, அதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. தொகுதி எல்லை மறுசீரமைப்பு. கடைசி மறுசீரமைப்பு 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அரசிதழில் வந்தது. ஒன்று முடிந்து எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கலாம் என்பது அரசியலமைப்பின் 113-ஆவது பிரிவு. அதாவது 2026 மார்ச்சுக்கு முன்பு முடியாது, பின்பு முடியும்.

எல்லைக் கோடு எங்கே விழுகிறது என்பது நமக்கு மிக முக்கியம். ஒரு தாமானில் இருக்கும் முந்நூறு இந்தியக் குடும்பங்களை ஒரே தொகுதியில் வைத்தால் அது ஒரு குரல். சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்தால் இரண்டு முணுமுணுப்பு. மலாக்காவிலேயே கோத்தா மலாக்கா நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கும் வாக்காளர்கள் மஸ்ஜித் தானாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நகரத்துக்கு இடம்பெயர்ந்த நம்மவர்கள் பெரும்பாலும் இருப்பது, வாக்கின் எடை குறைந்த பக்கத்தில்.

இதில் சாமானியர் தலையிட வழி உண்டா? உண்டு. ஆணையம் தன் பரிந்துரைகளைப் பார்வைக்கு வைத்த ஒரு மாதத்துக்குள், சம்பந்தப்பட்ட தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள நூறு பேர் சேர்ந்து எழுத்துமூலம் ஆட்சேபித்தால், ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். பதின்மூன்றாவது அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. கடந்த முறை மலாக்காவில் ஏழு வாக்காளர்கள் இதைத் தாண்டி உயர்நீதிமன்றத்துக்கே போனார்கள். விசாரணைகளுக்குத் தற்காலிகத் தடையும் வாங்கினார்கள். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை என்றாலும், ஏழு பேரால் ஆணையத்தைச் சில மாதங்கள் நிறுத்திவைக்க முடிந்தது. ஒரு கோயில் நிர்வாகமும் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்தால் நூறு கையெழுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மலாக்கா தமிழர்களுக்கு அமைப்பாகச் சேர்வது புதிதும் அல்ல. 1967-இல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கதவு இல்லை, அதனால் நடந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இதைப் படிக்கும் சிலர், "நம்மவர் ஒருவர் இருந்தால்தான் நம் வலி புரியும்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. என் பாட்டிக்கு மலாய் தட்டுத்தடுமாறித்தான் வரும். சேவை மையத்தில் தமிழ் பேசும் ஒருவர் இல்லாவிட்டால் அவர் வாசலோடு திரும்பியிருப்பார். ஆகவே தங்கா பத்துவில் வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சி வேட்பாளரிடமும் நான் கேட்கப்போவது இதுதான்: உங்கள் சேவை மையத்தில் தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரை வைப்பீர்களா? ஊராட்சி மன்ற நியமனத்தில் இந்த வட்டாரத்து இந்தியர் ஒருவரின் பெயரைப் பரிந்துரைப்பீர்களா? மயானப் பாதைக்கு எந்த ஆண்டு மானியத்தில் தார் போடுவீர்கள்? பதிலை எழுதி வைத்துக்கொள்ளவும் போகிறேன். மலாய் வேட்பாளர், சீன வேட்பாளர் என்று இவற்றுக்கு வேறு வேறு பதில் இருக்க முடியாது.

போன வாரம் தம்பியின் மைக்கார்டை வாங்கிப் பார்த்தேன். முகவரி இன்னும் நாங்கள் எட்டு வருடத்துக்கு முன்பு காலி செய்த பழைய வீடு. திங்கட்கிழமை விடுப்பு எடுத்துப் பதிவு இலாகாவுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவையும் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். அவருடைய அட்டையில் இருப்பது தோட்டத்து முகவரி.